மேப்பிள் பாகு காய்ச்ச விறகடுப்பு: சிமெண்ட் பிளாக்கா, டிரம்மா, எண்ணெய்த் தொட்டியா?

கனடாவின் ஒண்டாரியோவிலோ கியூபெக்கிலோ, அமெரிக்காவின் வெர்மான்ட்டிலோ வீட்டுக் கொல்லையில் சுகர் மேப்பிள் மரங்கள் இருந்தால், பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதிவரை கை ஓயாது. ராத்திரி உறைபனி, பகலில் வெயில் என்று மாறி மாறி வரும் நாட்களில்தான் சாறு இறங்கும். அந்தச் சாற்றை எதில் காய்ச்சுவது என்பதுதான் இங்கே பேச்சு. வீட்டுப் பட்டறையில் வெல்டிங் மிஷினும் கிரைண்டரும் வைத்திருப்பவர்கள் அடுப்பைத் தாங்களே செய்துகொள்ளலாம். எதைச் செய்வது என்பதில் ஆளுக்கொரு கட்சி.

முதலில் கணக்கு. மேப்பிள் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். பாகில் 66 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆக, ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்தவர்களுக்கே இது மலைப்பாக இருக்கும்; பதநீரில் சர்க்கரை இதைவிடப் பல மடங்கு. மேப்பிள் சாறு பால் மாதிரி கெட்டுப்போகக் கூடியது, அதிக நாள் வைத்திருக்க முடியாது. அதனால் ஒரு நாள் சாற்றை ஒரு சாயங்காலத்தில் வற்றவைக்கிற வேகம் வேண்டும். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாத்திரத்தின் பரப்புதான். தட்டையான பாத்திரத்தில் ஒரு சதுர அடிக்கு மணிக்கு 3 லிட்டர் ஆவியானால் அது நல்ல அடுப்பு.

சிமெண்ட் பிளாக் அடுப்பு மலிவானது. கலவைகூட வேண்டாம், மூன்று பக்கமும் அடுக்கி, பின்னால் புகைக்குழாய் வைத்து, மேலே பஃபே விருந்துகளில் பார்க்கும் செவ்வக எவர்சில்வர் தட்டுகள் மூன்றை உட்கார வைத்தால் ஒரு மத்தியானத்தில் தயார். ஆனால் சந்து பொந்தெல்லாம் காற்று புகுந்து சூட்டைத் தின்னும். சூடு பட்ட பிளாக்குகள் வெடிக்கும். தட்டு மூன்றும் சேர்ந்து ஐந்து சதுர அடி இருந்தும், மணிக்கு 10, 12 லிட்டரைத் தாண்டுவது கஷ்டம். முதல் வருஷம் ஆசைக்குச் செய்து பார்க்கிறவர்களுக்கு இது போதும். அதற்கு மேல் இதில் உழைப்பைப் போடாதீர்கள்.

அடுத்தது 205 லிட்டர் இரும்பு டிரம். படுக்கப் போட்டு, மேற்பக்கத்தை வெட்டித் தட்டுகளை இறக்கி, முன்னால் அடுப்புக் கதவு, பின்னால் ஆறு அங்குலக் குழாய். கடையில் கிடைக்கும் கதவு, கால் செட்டை வாங்கிப் பூட்டினால் வெல்டிங் வேலைகூட அதிகம் இல்லை. நெருப்பு அடைபட்டு எரிவதால் பிளாக் அடுப்பைவிட விறகு மிச்சம். குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: டிரம்மின் நீளத்துக்குப் புகைக்குழாய் இடம் போக இரண்டு தட்டுகள்தான் குறுக்கே உட்காரும். மூன்றேகால் சதுர அடி. எவ்வளவு நன்றாக எரித்தாலும் மணிக்குப் பத்து லிட்டர். உணவுப் பொருள் வந்த டிரம்மாகப் பாருங்கள். பெயிண்ட்டை வெளியில் வைத்து ஒருமுறை நன்றாக எரித்துவிடுங்கள். துத்தநாகப் பூச்சு உள்ளதைத் தொடவே வேண்டாம், அந்தப் புகை ஆளைப் படுக்க வைக்கும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. ஹீட்டருக்கு எண்ணெய் எரித்த பழைய வீடுகளின் நிலவறையில் 275 கேலன் தொட்டி ஒன்று நிற்கும். 27 அங்குல அகலம், 60 அங்குல நீளம். பாதியாக வெட்டினால் இரண்டடிக்கு நாலடிப் பாத்திரம் ஒன்று அளவெடுத்தாற்போல உட்காரும், பின்னால் புகைக்குழாய்க்கு ஓரடி மிஞ்சும். எட்டு சதுர அடி, மணிக்கு 25 லிட்டர். 80 லிட்டர் சாறு டிரம்மில் எட்டு மணி நேரம் இழுக்கும். இதில் மூன்றரை மணிக்குள் முடியும். வேலைக்குப் போய்விட்டு வந்து காய்ச்சுகிறவருக்கு இதுதான் தூங்குவதா விழிப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆனால் எச்சரிக்கை: தொட்டிக்குள் மிஞ்சிய எண்ணெய் ஆவி கிரைண்டர் பொறியில் வெடிக்கக் கூடியது. சுத்தம் செய்து வெட்டித் தருவதை, அதைத் தொழிலாகச் செய்பவரிடம் விட்டுவிடுங்கள். மற்ற வேலை உங்களுடையது.

கடையில் வாங்கும் சிறிய எவாப்பரேட்டரும் (சாறு வற்றவைக்க அடுப்பும் பாத்திரமும் சேர்ந்தது) இதே அளவில் வருகிறது, விலை சில ஆயிரம் டாலர். கைவேலையில் ஆர்வம் இல்லையென்றால் வாங்கலாம், தப்பில்லை.

எந்த அடுப்பானாலும் காசைப் போட வேண்டிய இடம் பாத்திரம்தான். பஃபே தட்டுகளில் சாற்றைக் கரண்டியால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை குளிர்ந்த சாறு விழும்போதும் கொதி அடங்கும், அது திரும்ப எழ நிமிஷங்கள் வீணாகும். தடுப்பு வைத்த ஒரே பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் சாறு ஒரு மூலையில் நுழைந்து, வளைந்து வளைந்து, கெட்டிப்பட்டபடி மறுமூலைக் குழாய்க்குத் தானே வந்து சேரும். அதிக நேரம் வேகாததால் பாகின் நிறமும் வெளுப்பாக வரும். மேலே ஒரு சிறு பாத்திரம் வைத்து அதில் சூடேறிய சாற்றை நூல் போல ஒழுக விட்டால் கொதி நிற்கவே நிற்காது. சாற்றின் ஆழம் ஒன்றரை, இரண்டு அங்குலம். அதற்குக் கீழே போனால் அடிப்பிடிக்கும், பாத்திரமே வளைந்துபோகும். பொங்கி வந்தால் ஒரு துளி வெண்ணெய், நுரை சட்டென்று அடங்கும்.

அடுப்பின் உள்ளே செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலர் விட்டுவிடுகிறார்கள். விறகு எரியும் முன்பாதிக்குப் பின்னால், மணலும் தீச்செங்கலும் கொண்டு சரிவாக மேலேற்றி, பாத்திரத்தின் அடிக்குச் சில அங்குலம் மட்டும் இடைவெளி விட வேண்டும். அப்போதுதான் தழல் பாத்திரத்தின் அடியை உரசிக்கொண்டு போகும். இல்லையென்றால் பாதிச் சூடு புகைக்குழாய் வழியே வானத்துக்குப் போய்விடும். விறகு கிடக்கும் கம்பித் தட்டின் கீழிருந்து ஒரு சின்ன ஊதுகுழல் விசிறி காற்று கொடுத்தால் இன்னும் நல்லது. விறகு மணிக்கட்டுப் பருமனில், நன்றாகக் காய்ந்ததாக, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம். பைன் விறகானாலும் சரி.

இடம் பற்றி என் முடிவு திட்டவட்டமானது: பட்டறைக்குள் செய்யுங்கள், பட்டறைக்குள் காய்ச்சாதீர்கள். 80 லிட்டர் சாற்றில் 78 லிட்டர் ஆவியாகத்தான் போகும். அது கூரையில் படிந்து சொட்டும், லேத்தும் ரம்பமும் துருவேறும். கூரையில் திறப்பும் ஆவிக்கூண்டும் வைத்தவர்களுக்குச் சரி; மற்றவர்கள் கதவுக்கு வெளியே மூன்று பக்கம் திறந்த தாழ்வாரம் ஒன்று இறக்கிக்கொள்ளலாம். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் யோசிக்கவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உறங்கும் அறைவரை போகும்.

கடைசிப் பதத்தையும் விறகில் எடுக்காதீர்கள். அன்றைக்குத் தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடினால் பாகு. விறகுத் தணலை நினைத்த நொடியில் அணைக்க முடியாது, அதற்குள் எல்லாம் கருகிவிடலாம். இரண்டு டிகிரி கூடியதும் இறக்கி, வடிகட்டி, கேஸ் அடுப்பில் முடியுங்கள். ராத்திரி படுக்கப் போகுமுன் தணல் மிச்சமிருந்தால் பெரிய பாத்திரத்தில் சாற்றைத் தாராளமாக ஊற்றி ஆழமாக்கிவிட்டுப் போங்கள். பழைய பாத்திரம் ஏலத்தில் மலிவாகக் கிடைத்தால், ஓரங்களில் நச்சான காரீயப் பற்றவைப்பு இல்லை என்று பார்த்துவிட்டே காசை எடுங்கள்.