ஓபிஎஸ்ஸா, கிரிட்டாவின் ரெக்கார்டரா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் டிஜிட்டலில் வரைபவர்கள் பாடம் சொல்லும் வீடியோ எடுக்க, இலவசமாகவே இரண்டு வழி இருக்கிறது: கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளின் ரெக்கார்டர், இல்லையென்றால் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற திரைப்பதிவு மென்பொருள்.

கிரிட்டாவின் 5.0 பதிப்பு முதல் ரெக்கார்டர் அதற்குள்ளேயே வருகிறது. கேன்வாஸை மட்டும் படம் படமாகச் சேமித்து, கடைசியில் வீடியோவாகக் கோத்துத் தரும். வேகமாக ஓடும் குறும் வீடியோவுக்கு இதுவே போதும். ஆனால் குரல் பதியாது, எந்த பிரஷை எடுத்தோம் என்பதும் தெரியாது.

தஞ்சாவூர் ஓவியத்தின் நகை வேலைப்பாட்டைச் சொல்லிக்கொடுக்க அது பத்தாது. கல் பதித்த இடம் மேடாகத் தெரிய, நிழலை எந்த லேயரில் (அடுக்கில்), எந்த பிளெண்டிங் மோடில் (கீழுள்ள நிறத்தோடு கலக்கும் முறையில்) வைத்தோம் என்று காட்டியே ஆக வேண்டும். அதற்கு நான் ஓபிஎஸ் ஸ்டுடியோவைத்தான் சொல்வேன். முழுத்திரையும் மைக்கும் சேர்ந்தே பதியும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சாதாரண எம்பி4 வீடியோ கோப்பாகப் பதியும்போது கணினி அணைந்தால் மொத்தக் கோப்பும் திறக்காமல் போகலாம். எம்கேவி என்ற கோப்பு வகையில் பதியுங்கள். அதுவரை பதிந்தது தப்பிக்கும். அப்புறம் ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் செய்து (வீடியோவைத் தொடாமல் கோப்பு வகையை மட்டும் மாற்றி) எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.