பூசணிக்காய் செய்ய சீலையா, பேப்பரா?

கனடாவில் இருக்கிற அக்காவுக்கு ஒக்டோபர் வந்தால் இலையுதிர்கால அலங்காரமாக வாசல்படியில் பூசணிக்காய் வைத்தே ஆகவேண்டும், நமக்கோ அது கறிக்குத்தான், இலையுதிர்காலம் என்று ஒன்றும் யாழ்ப்பாணத்தில் இல்லை. போன வருடம் பேப்பரிலும் சீலையிலுமாக இரண்டு விதமான அலங்காரப் பூசணி செய்து அனுப்பினேன்.

பலூனில் பேப்பர் ஒட்டுவது செலவில்லாத வேலை: பழைய உதயன் பேப்பர், கோதுமை மாப் பசை. ஒட்ட முன்னம் பலூனைச் சுற்றி நூலை இறுக்கிக் கட்டினால் பூசணியின் வரிகள் அச்சாக வரும், பெயின்ட் அடித்தால் உண்மையான காயென்றே நினைப்பார்கள். ஆனால் இங்கே ஒக்டோபரில் மாரி தொடங்கிவிடும், ஒரு படை காய மூன்று நாள், எனக்கு ஒன்று உள்ளுக்குள் பூஞ்சணம் பிடித்து மணத்தது. மற்றது பார்சலில் நசிந்து போய்ச் சேர்ந்தது.

சீலைப் பூசணிக்கு இந்தப் பயம் இல்லை. உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளத்தில் சீலைத் துண்டை வெட்டி, குழாய் மாதிரித் தைத்து, அடியைச் சுருக்கிக் கட்டி, பஞ்சை நன்றாக அடைத்து மேலையும் சுருக்குங்கள். அப்புறம் தடித்த நூலை நடுவால் விட்டு வெளியே சுற்றி எட்டுத் தரம் இழுத்தால் வடிவான வரிகள், பஞ்சு குறைந்தால் மட்டும் தோசை மாதிரிப் படுத்துவிடும். காம்புக்கு நான் வைத்தது காய்ந்த பூசணிக் காம்பேதான்.

மழை நனையும் வாசலென்றால் இரண்டும் சரிவராது. வீட்டுக்குள் வைக்க, அதுவும் தூரத்துக்கு அனுப்ப, சீலைதான். பேப்பரைப் பிள்ளைகளோடு இருந்து செய்யுங்கள், ஓகஸ்டிலேயே.