இடப் பக்கம், வலப் பக்கம்: ஒன்பது ஆண்டுகள் எழுதிய பயணச் செலவு நோட்டு

2016-ல் ஒரு நீள நோட்டு வாங்கினேன். வெளியூர்ப் பயணம் ஒவ்வொன்றுக்கும், முன்பதிவு செய்தபோது திரையில் கண்ட விலையை இடப் பக்கத்தில் எழுதுவேன். திருச்சிக்குத் திரும்பிய மறுநாள், உண்மையில் கையைவிட்டுப் போன தொகையை வலப் பக்கத்தில் எழுதுவேன். மலிவான டிக்கெட்டும் மலிவான அறையும் பிடிப்பதற்காக இரவெல்லாம் கண் விழித்துத் தேடியவன் நான். இரண்டு பக்கங்களுக்கும் இடையே இருந்த இடைவெளியைப் பார்த்த பிறகுதான் தேடும் இடத்தையே மாற்றிக்கொண்டேன்.

அந்தப் பாடம் கோலாலம்பூரில் கிடைத்தது. 2019-ல் நாங்கள் நால்வர் போனோம். நகர மையத்தைவிட மூன்று இரவுக்கு 1,800 ரூபாய் குறைவு என்று புறநகரில் ஓர் அறை எடுத்தேன். ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில் இல்லை. நாள்தோறும் போகவர டாக்சிக்கு 45 ரிங்கிட் ஆனது. மூன்று நாளில் 135 ரிங்கிட், அன்றைய மதிப்பில் 2,300 ரூபாய்க்கு மேல். வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்குக் கட்டவேண்டிய 10 ரிங்கிட் சுற்றுலா வரி, நான் பார்த்த விலையில் சேர்ந்திருக்கவில்லை. விடுதி மேசையில்தான் கேட்டார்கள். எங்கள் விமானம் விடியற்காலையில் இறங்கியது, அறை கிடைத்தது பிற்பகல் இரண்டு மணிக்கு. தூக்கக் கலக்கத்தில் இருந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரத்தை ஓட்ட, சாப்பாட்டுக் கடைகளில் கொடுத்தது தனிக் கணக்கு. அடுத்த முறை நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் பக்கத்திலேயே தங்கினோம். பத்துமலைக்கு அங்கிருந்தே கொம்யூட்டர் ரயில் போகிறது. அறை வாடகை கூடியது, மொத்தச் செலவு குறைந்தது.

உள்நாட்டிலும் வரி சேர்த்த விலையைத்தான் இப்போது பார்க்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. எனவே 7,500 ரூபாய் அறைக்கு 7,875 கொடுக்கிறோம், 7,800 ரூபாய் அறைக்கு 9,204. முந்நூறு ரூபாய் வித்தியாசமாகக் கண்ணில் படுவது, பில்லில் 1,329 ஆகிவிடுகிறது. பெரும்பாலும் நாங்கள் இதில் பாதி விலைக்கும் கீழேதான் தங்குகிறோம். கல்யாணத்துக்காக உறவினர்களுக்கு அறை பிடித்துக் கொடுத்தபோது இந்தக் கணக்கு பெரிதும் உதவியது.

விமான டிக்கெட்டில் எனக்குப் பெரிய திறப்பாக அமைந்தது இது. ஒரே விமானத்தின் இருக்கைகள் பல விலை அடுக்குகளாக விற்கப்படுகின்றன. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால், நான்கு இருக்கைகளும் உள்ள அடுக்கின் விலையைத்தான் பொதுவாக எல்லோருக்கும் காட்டும். கீழ் அடுக்கில் இரண்டு இருக்கைகள் மிச்சமிருந்தாலும் அது நம் கண்ணுக்கு வராது. 2024 பிப்ரவரியில் நான்கு பேருக்குத் தேடியபோது தலைக்கு 9,800 வந்தது, இரண்டு பேருக்குத் தேடியபோது 8,300. இரண்டிரண்டாகப் பிரித்து எடுத்தேன், 3,000 ரூபாய் மிச்சம். குழந்தைகளோடு போகிறவர்கள் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பெரியவர் இருக்கும்படி பிரியுங்கள். விமான நேரம் மாறினால் இரண்டு டிக்கெட்டுக்கும் தனித்தனியே பேச வேண்டும் என்பது இதிலுள்ள சங்கடம்.

விமானம் ஏறுவது திருச்சியிலா சென்னையிலா என்ற கேள்விக்கும் நோட்டே பதில் சொன்னது. சென்னையிலிருந்து புறப்பட்டால் தலைக்கு 1,400 ரூபாய் குறைந்த பயணம் ஒன்றில், நால்வருக்கான 5,600 ரூபாயில் ஏறக்குறைய முழுவதையும் ரயிலும் டாக்சியும் சாப்பாடும் விழுங்கிவிட்டன. இரண்டு இரவுத் தூக்கமும் போனது. தனியாக, ஒரே பையோடு போகும்போது மட்டும் சென்னை கட்டுப்படியாகிறது. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரிலேயே விமான நிலையம்.

ஒன்றை மட்டும் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். 2022-ல் டெல்லி போக முடியாமல் போனது. எடுத்திருந்தது பணம் திரும்பாத சலுகை டிக்கெட் என்பதால் ரத்துகூடச் செய்யாமல் விட்டுவிட்டேன். அடிப்படைக் கட்டணம் போனாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் பயணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி. சலுகை டிக்கெட்டுக்கும் பயணம் செய்யாமல் விட்ட டிக்கெட்டுக்கும் அது பொருந்தும். தெரிந்தபின் 2024-ல் அதேபோன்ற நிலை வந்தபோது முறையாக ரத்து செய்தேன். இருவருக்குமாக 1,100 ரூபாய் சொச்சம் வங்கிக் கணக்குக்கு வந்தது. நமக்கு உரிய பணம் அது. விட்டுவிடாதீர்கள்.

வாடகைக் காருக்கு வருகிறேன். நம் ஊரில் வெளியூர் வண்டி எடுத்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளுக்கு 250 கிலோமீட்டர் என்று குறைந்தபட்சக் கணக்கு போடுவது வழக்கம். டிரைவர் பேட்டா, டோல், மலைக் கட்டணம் எல்லாம் அதன் மேல். 2022-ல் மூன்று நாள் கொடைக்கானல் போய்வந்தோம். வண்டி ஓடியது மொத்தம் 450 கிலோமீட்டர், நாங்கள் பணம் கொடுத்தது 750 கிலோமீட்டருக்கு. பேட்டாவோடு 11,250 ரூபாய். நடுநாள் முழுதும் வண்டி விடுதி வாசலில் நின்றது. அடுத்த முறை போக ஒரு டிராப் டாக்சி (ஒருவழிக்கு மட்டும் எடுக்கும் வண்டி), வர ஒரு டிராப் டாக்சி, நடுவில் ஒரு நாள் உள்ளூர் வண்டி என்று பிரித்ததில் 8,700-க்குள் முடிந்தது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதால், அதை யார் எடுப்பது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

செல்ஃப் டிரைவ் எடுப்பவர்கள் நம்பர் பலகையைப் பாருங்கள். கறுப்பில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது வாடகைக்கு அனுமதி பெற்ற வண்டி. சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருவார்கள், ஆனால் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வாய்ப்புண்டு. எவ்வளவு குறைத்தாலும் நான் அதைத் தொடுவதில்லை.

பினாங்கில் ஜார்ஜ் டவுனைக் காலால்தான் சுற்றிப் பார்க்க வேண்டும், கார் அங்கே சுமை. பாலிக் புலாவ் பக்கம் போக ஒரு நாள் மட்டும் கார் எடுத்தோம். அங்கும் இடப்பக்க ஓட்டம்தான். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கியிருந்தேன், ஓராண்டு செல்லும். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, பின்கதவில் ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி முன்பணத்தில் 150 ரிங்கிட் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் படம் இல்லை. மனம் கொதித்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு லங்காவியில், சாவி கொடுத்தவர் பக்கத்தில் நிற்கும்போதே நான்கு பக்கங்கள், சக்கரங்கள், பெட்ரோல் முள் வரை ஒரே காணொளியாக எடுத்தேன். முன்பணம் முழுதாகத் திரும்பியது.

வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா ரிங்கிட்டிலா என்று இயந்திரம் கேட்டால் ரிங்கிட்டையே சொல்லுங்கள். ரூபாய் என்றால் நமக்குப் பாதகமான மாற்று விகிதத்தைப் போடுவார்கள்.

கடைசியாக, அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஓர் இடம்: ரயில் நிலைய ஓய்வறை, அதாவது பயணிகள் வாடகைக்கு எடுத்துத் தங்கும் ‘ரிட்டயரிங் ரூம்’. கையில் உறுதியான டிக்கெட் இருந்தால் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி வழியாகவே பதிவு செய்யலாம். சென்ற ஆண்டு அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போனேன். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் எழும்பூரில் இறக்கிவிட்டது, அடுத்த ரயில் சென்ட்ரலில் மாலையில்தான். முன்பெல்லாம் அரை நாளுக்காக முழுநாள் விடுதி வாடகை கொடுத்திருக்கிறேன். இந்த முறை சென்ட்ரல் ஓய்வறை. அம்மா குளித்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டி மதியம் வரை தூங்கினார். நடைமேடைக்கு டாக்சியும் வேண்டியிருக்கவில்லை. நோட்டில் அந்த ஒரு வரியில் மட்டும் இடப் பக்கத்திலும் வலப் பக்கத்திலும் ஒரே தொகை இருக்கிறது.