என்.பி.ஏ. லீக் பாஸ்: தோற்க வேண்டிய அணி வெல்வதை முழுதாகப் பார்ப்பதற்கு

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கமான என்.பி.ஏ., தன் ஆட்டங்களை உலகெங்கும் இணையவழியாக வழங்கும் சந்தாச் சேவைக்கு லீக் பாஸ் என்று பெயர். யாழ்ப்பாணத்தில் கூடைப்பந்து ஆடும் ஒருவருக்கோ, பாடசாலை அணியொன்றைப் பயிற்றுவிக்கும் ஒருவருக்கோ இந்தச் சேவை பணம் கொடுத்துப் பெறத் தக்கதா என்பதை ஒரே ஒரு பயன்பாட்டை முன்வைத்து இங்கு மதிப்பிடுகிறேன். பலம் குறைந்த அணியொன்று மன உறுதியால், லீக் ஆட்டங்களுக்குப் பின் வரும் வெளியேற்றச் சுற்றான பிளே ஓஃபில், நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே கிடைக்கும் தொடரொன்றை வெல்வது எப்படி என்பதைக் கற்றுக்கொள்வதே அந்தப் பயன்பாடு. துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் மைதானங்களையும் மனங்களையும் நிறைத்திருக்கும் நம் ஊரில் கூடைப்பந்துக்குக் கிடைக்கும் இடம் சிறியது. பெண் பிள்ளைகள் மத்தியிலோ, தர்ஜினி சிவலிங்கத்தின் ஊர் என்ற பெருமையினால், வலைப்பந்தே முன்னுக்கு நிற்கிறது. ஆகவே பெரிய ஆட்டங்களைப் பார்த்துப் பழகுவதற்குக் கூடைப்பந்து வீரருக்குத் திரையை விட்டால் வேறு வழி அதிகம் இல்லை.

சேவையின் அடிப்படை அமைப்பு எளிமையானது. கைத்தொலைபேசியிலோ கணினியிலோ ஸ்மார்ட் தொலைக்காட்சியிலோ செயலியைத் திறந்தால் நேரலை ஆட்டங்களும் முடிந்துபோன ஆட்டங்களின் முழுப் பதிவுகளும் கிடைக்கின்றன. அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்குத் தேசியத் தொலைக்காட்சியில் வரும் ஆட்டங்கள் இச்சேவையில் நேரலையாகத் தடுக்கப்படுகின்றன. வெளிநாட்டுச் சந்தாதாரர் பெரும்பாலானோருக்கு அந்தத் தடை இல்லை என்பது நமக்கு வாய்த்த நன்மை. ஆட்டங்களின் புள்ளி நிலையை மறைத்துவைக்கும் தெரிவு ஒன்றும் உண்டு. முடிவு தெரியாமல் ஓர் ஆட்டத்தைப் பார்க்க விரும்பும் எவரும் முதலில் அதைத்தான் இயக்க வேண்டும், ஏனெனில் முடிவு தெரிந்த பிறகு ஒரு வீரரின் தயக்கமும் துணிச்சலும் நம் கண்ணுக்கு ஏற்கனவே தீர்ப்பு எழுதப்பட்டவையாகவே தெரியும்.

சேவையை எடைபோட நான் தெரிந்தெடுத்தது 2023 ஆம் ஆண்டின் முதற் சுற்றில் மியாமி ஹீற் அணிக்கும் மில்வோக்கி பக்ஸ் அணிக்கும் இடையே நடந்த தொடர். அந்தப் பருவத்தில் பக்ஸ் 58 வெற்றிகளுடன் முழு லீக்கிலும் முதலிடத்தில் நின்றது. ஹீற் 44 ஆட்டங்களில் வென்று 38 இல் தோற்றிருந்தது. ஓர் ஆட்டத்துக்கான சராசரிப் புள்ளிகளில் முப்பது அணிகளுள் கடைசி இடம் அதற்கே. பிளே ஓஃபுக்குள் நுழைவதற்கான தகுதி ஆட்டத்தில் அற்லாண்டாவிடம் சொந்த மைதானத்திலேயே தோற்று, பின்னர் சிக்காகோவை 102-91 என்று வென்று, கிழக்குப் பிரிவின் எட்டாவது அணியாகத் தட்டுத்தடுமாறி உள்ளே வந்தது. எட்டாம் இடத்து அணி முதலிடத்து அணியைத் தொடரில் வெல்வது அதற்கு முன் ஐந்து தடவைகள் மட்டுமே நிகழ்ந்திருந்தது: 1994 இல் டென்வர், 1999 இல் நியூயோர்க், 2007 இல் கோல்டன் ஸ்டேற், 2011 இல் மெம்பிஸ், 2012 இல் பிலடெல்பியா. ஆறாவதாக மியாமி 4-1 என்று வென்றது.

இந்தத் தொடரைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் நான்காவது ஆட்டத்தில் ஜிம்மி பட்லர் எடுத்த 56 புள்ளிகளைப் பற்றியே பேசுவார்கள். அது மியாமியின் பிளே ஓஃப் வரலாற்றில் ஒருவர் எடுத்த அதிகூடிய புள்ளிகள் என்பதால் அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் மன உறுதி என்று எதைச் சொல்கிறோம் என்பதைக் காண்பதற்கு ஐந்தாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதிதான் சிறந்தது. அதையும் வெட்டாமல் ஒட்டாமல் முழுதாகப் பார்க்க வேண்டும். அந்தக் கால்பகுதி தொடங்கும்போது மில்வோக்கி, தன் சொந்த அரங்கில், 102-86 என்று முன்னின்றது. தொடரில் 3-1 என்று முன்னிற்கும் மியாமி, ஆறாவது ஆட்டம் தன் ஊரில் காத்திருக்கிறது என்ற நினைப்பில், அந்த இடத்தில் இலகுவாகக் கைவிட்டிருக்கலாம். முதன்மை வீரர்களை உட்காரவைத்து அடுத்த ஆட்டத்துக்காகக் களைப்பாற்றுவது அறிவீனமும் அல்ல. மியாமி அதைச் செய்யவில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் 32 புள்ளிகளை எடுத்து, எதிரணிக்கு 16 ஐ மட்டும் விட்டுக்கொடுத்து, அரை விநாடி மீதமிருக்கையில் கேப் வின்சன்ற் எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து கொடுத்த பந்தைப் பட்லர் காற்றிலேயே பிடித்துக் கூடைக்குள் இட, ஆட்டம் 118-118 என்று சமநிலைக்கு வந்தது. மேலதிக நேரத்தில் 128-126.

முழுப் பதிவைப் பார்க்கும்போது கவனத்தை ஈர்ப்பது அந்தக் கடைசிக் கூடை அன்று. அதற்கு முந்திய எட்டு ஒன்பது நிமிடங்களில் மியாமி வீரர்கள் எறிதல் தவறிய ஒவ்வொரு முறையும் என்ன செய்தார்கள் என்பதே பார்க்க வேண்டியது. தலையில் கைவைப்பவர் இல்லை. நடுவரைப் பார்த்துக் கை விரிப்பதிலும் நேரம் போகவில்லை. திரும்பித் தம் தற்காப்பு இடத்துக்கு ஓடிவிடுகிறார்கள். மறுபக்கத்தில், லீக்கின் மிகச் சிறந்த வீரர்களுள் ஒருவர் என்று எவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய மில்வோக்கியின் யானிஸ் அன்டெற்றோகும்போ, 38 புள்ளிகளும் 20 ரீபவுண்டுகளும் (தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுதல்) எடுத்த அதே இரவில், எதிரணியின் விதிமீறலுக்காக (பவுள்) கிடைத்த 23 பிறீ த்ரோக்களில் 10 ஐ மட்டுமே கூடைக்குள் இட்டார். பிறீ த்ரோவின்போது யாரும் கையை மறிப்பதில்லை, தூரம் மாறுவதுமில்லை, ஆகவே அங்கு தவறுவதை உடல் வலிமையால் மட்டும் விளக்கிவிட முடியாது. மேலதிக நேரத்தின் இறுதியில் பக்ஸ் அணி, ஆட்டத்தை இடைநிறுத்தி ஆலோசிக்கும் ரைம் அவுட் கைவசம் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல், ஓர் எறிதலைக்கூட எறிய முடியாமல் தொடரை இழந்தது. அழுத்தத்தின்கீழ் பயிற்றுநரும் வீரரும் ஒருங்கே தடுமாறும் அந்தச் சில விநாடிகளை எந்தப் பாடநூலை விடவும் தெளிவாகக் கற்பிக்கும் பதிவு என்றே சொல்வேன்.

இங்குதான் சேவை தரும் வெவ்வேறு வடிவங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. லீக் பாஸில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முழுப் பதிவோடு, பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தை எல்லாம் வெட்டியெறிந்த சுருக்கப் பிரதியும் கிடைக்கிறது. டேற்றா குறைவாகச் செலவாகும், நேரமும் மிஞ்சும் என்பதால் நம்மில் பலர் அதையே நாடுவார்கள். கோயில் திருவிழாவில் வாணவேடிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்புவதைப் போன்றது அது. ரைம் அவுட்டில் வீரர்கள் உட்காரும் விதம், மாற்று வீரர் உள்ளே வரும்போது வெளியேறுபவர் அவரிடம் குனிந்து சொல்லும் வார்த்தை, பிறீ த்ரோவுக்கு முன் வீரர் மூச்சை விடும் நேரம், பவுள் அழைக்கப்பட்டபின் முகத்தில் வரும் மாற்றம் ஆகிய எல்லாம் அந்தச் சுருக்கத்தில் காணாமற் போகின்றன. திறமையைப் படிக்கச் சுருக்கப் பிரதி போதும். மன உறுதியைப் படிக்க அது உதவாது. சமூக ஊடகங்களில் இலவசமாகக் கிடைக்கும் சிறு காணொளிகள் இந்த விடயத்தில் இன்னும் மோசம். அவற்றில் எல்லா எறிதல்களும் கூடைக்குள் விழுகின்றன. சந்தாவுக்குக் கொடுக்கும் பணத்தின் உண்மையான பெறுமதி முழுப் பதிவில்தான் இருக்கிறது என்பதே என் முடிவு.

அதே முழுப் பதிவுகள் இன்னொரு நேர்மையையும் கற்பிக்கின்றன. "மனம் வைத்தால் எல்லாம் முடியும்" என்று விளையாட்டு விழா மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சை இந்தத் தொடர் அப்படியே ஆதரிப்பதில்லை. முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே யானிஸ் முதுகில் அடிபட்டு வெளியேறினார்; இரண்டாவது, மூன்றாவது ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. அவர் முழு உடல்நலத்தோடு ஐந்து ஆட்டங்களும் ஆடியிருந்தால் கதை வேறாகியிருக்கக்கூடும். பருவம் முழுவதும் மூன்று புள்ளி எறிதலில் பின்வரிசையில் கிடந்த மியாமி, இந்தத் தொடரில் மட்டும் அசாதாரணமாகக் குறிபார்த்து எறிந்தது. அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆயினும் யானிஸ் இல்லாத இரண்டாவது ஆட்டத்தில் பக்ஸ் 25 மூன்று புள்ளி எறிதல்களுடன் 138-122 என்று வென்றது என்பதையும், மியாமி பக்கத்திலும் ரைலர் ஹீரோ முதல் ஆட்டத்தில் கை எலும்பு முறிந்தும் விக்ரர் ஒலடிப்போ மூன்றாவது ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தும் தொடரை விட்டு விலகினார்கள் என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். ஒரே தொடரில் இரண்டு பேரை இழந்த அணி, அந்த இழப்பை ஆட்டத்துக்குள் கொண்டுவரவில்லை.

அந்த இடங்களை நிரப்பியவர்கள் யார் என்பதில்தான் நம் ஊர்ப் பயிற்றுநர்களுக்கான பாடம் இருக்கிறது. கேப் வின்சன்ற், மக்ஸ் ஸ்ட்ரஸ், கேலெப் மார்ட்டின், டங்கன் ரொபின்சன் ஆகிய நால்வரும் என்.பி.ஏ. அணிகள் இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் ஆண்டுத் தேர்வில் எவராலும் தெரிவுசெய்யப்படாதவர்கள். அவர்களை வளர்த்த பயிற்றுநர் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா, 1995 இல் அதே கழகத்தில் காணொளி அறையில் வேலை தொடங்கியவர். மற்றவர்கள் ஆடியதை வெட்டி ஒட்டிக் கொடுப்பதே அவருடைய ஆரம்பப் பணி. ஆக, ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு அவரே சான்று. கடைசி நிமிடத்தில் வின்சன்ற் பதறாமல் பந்தைக் கொடுத்தது பிறவிக் குணத்தால் மட்டும் வந்ததென்று நான் நம்பவில்லை. அடுத்து எங்கே நிற்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது முன்பே பழகிப்போன வீரருக்குப் பயப்படுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

பாடசாலை அணியோடு இதைப் பயன்படுத்துவதற்கு எனக்குச் சரியாகத் தோன்றும் வழி ஒன்று உண்டு. முழு ஆட்டத்தையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் இரண்டாவது கால்பகுதிக்குள் பாதிப் பேர் தங்கள் தொலைபேசிக்குள் போய்விடுவார்கள். ஒரு கால்பகுதியை மட்டும் தெரிந்தெடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீரரை ஒப்படைத்து, பந்து அவரிடம் இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனிக்கச் சொல்ல வேண்டும். கொழும்புப் பாடசாலை ஒன்றை அகில இலங்கைப் போட்டியில் எதிர்கொள்ளும்போது நம் அணிகள் பெரும்பாலும் திறமையால் தோற்பதற்கு முன்னரே, எதிரணியின் உயரத்தையும் காலணியையும் பார்த்து மனத்தால் தோற்றுவிடுவதை மைதான ஓரத்தில் நிற்கும் எவரும் அறிவர். அதற்கு மருந்து மேடைப் பேச்சில் இல்லை என்பதால் இந்தப் பயிற்சி பயன் தரும். ஒரு எச்சரிக்கை: சந்தா தனிப்பட்ட பாவனைக்கானது, மண்டபத்தில் கட்டணம் வாங்கித் திரையிடும் எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

குறைகளும் உண்டு. தமிழ் வர்ணனை கிடையாது. ஆங்கில வர்ணனையாளர்களின் வேகமும் அவர்களுடைய உள்ளூர் நகைச்சுவையும் நம் பிள்ளைகளுக்கு எட்டுவது கடினம் என்பதால், பயிற்றுநர் ஒலியைக் குறைத்துவிட்டுத் தாமே விளக்குவதுதான் நல்லது. ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அதிகாலை 4.30 மணிக்கு வருகிறது. பாடசாலை செல்பவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் நேரலையைப் பார்ப்பது எளிதன்று. உயர் தரத்தில் ஒரு முழு ஆட்டத்தைப் பார்க்கச் செலவாகும் டேற்றா, கைத்தொலைபேசிப் பொதிகளை நம்பியிருப்பவரின் மாதக் கணக்கைக் குலைத்துவிடக் கூடியது. வீட்டில் வயர் இணைப்போ பைபர் இணைப்போ இல்லாதவர் படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் மேலே சொன்ன முக மாற்றங்களும் மூச்சும் அப்போது மங்கிவிடும். கட்டணம் செலுத்த வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதியுள்ள வங்கி அட்டை வேண்டும் என்பதும் மாணவர்களுக்கு ஒரு தடையே.

முழுப் பருவத்துக்கும் சந்தா கட்டுவது, ஒக்ரோபர் முதல் ஏப்ரல் வரையான நீண்ட லீக் ஆட்டங்களில் விருப்பம் உள்ளவருக்கு மட்டுமே தகும். மன உறுதியின் பாடத்துக்காக வாங்குபவர் ஏப்ரல் நடுப்பகுதியில் தொடங்கி ஜூனில் முடியும் பிளே ஓஃப் காலத்துக்கு மட்டும் மாதச் சந்தாவாக எடுத்துக்கொண்டு, தானாகப் புதுப்பிக்கப்படும் அமைப்பை நிறுத்திவைப்பது சிக்கனம். அந்த மாதங்களில் பழைய பதிவுகளுக்கும் நேரம் ஒதுக்குபவர்கள், மில்வோக்கித் தொடரைப் பார்த்து முடித்த கையோடு அதே ஆண்டில் மியாமி போஸ்ரன் செல்ற்றிக்ஸுடன் ஆடிய தொடரின் ஆறாவது, ஏழாவது ஆட்டங்களை அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது. 3-0 என்று முன்னின்று, பின்னர் இரண்டு ஆட்டங்களை இழந்து, ஆறாவதில் கடைசிக் கணத்தில் போஸ்ரனின் டெரிக் வைட் தட்டிவிட்ட பந்தால் 104-103 என்று சொந்த ஊரிலேயே தோற்ற அணி, இரண்டு நாட்களின்பின் போஸ்ரன் அரங்கில் 103-84 என்று வென்றது. அந்த ஏழாவது ஆட்டத்தில் 26 புள்ளிகள் எடுத்த கேலெப் மார்ட்டினை, பந்து கையில் இல்லாத நேரங்களில் கவனியுங்கள்.