ஊசல் கடிகாரம் கட்ட லெகோவா, பிளைவுட் கிட்டா?

டைட்டன் கைக்கடிகாரங்கள் 1980களிலிருந்து எங்கள் மாவட்டத்து ஓசூரில்தான் தயாராகின்றன. ஆனால் ஒரு குவார்ட்ஸ் கடிகாரத்தைத் திறந்தால் பிள்ளைகள் கண்ணுக்கு பேட்டரியும் சர்க்யூட்டும்தான் தெரியும். நேரம் எண்ணப்படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஊசல்தான் வழி. கிருஷ்ணகிரி வீட்டில் அக்கா மகனோடு சேர்ந்து லேசரில் வெட்டிய பிளைவுட் கிட் ஒன்றையும், பல்சக்கரம், அச்சு, துளையுள்ள கட்டைகள் கொண்ட லெகோ டெக்னிக்கில் ஒன்றையும் கட்டினேன். இப்போது சுவரில் ஓடுவது லெகோ. என் ஓட்டும் அதற்கே.

அழகு பிளைவுட்டுக்கு. விலையிலும் அதுவே பரவாயில்லை. லெகோ பல்சக்கரங்களை உதிரியாக வாங்கினால் செலவு கூடும். இவை பார்த்ததும் தெரிகிற விஷயங்கள்.

முடிவைத் தீர்மானித்தது வேறு: கழற்றி மாட்ட முடிகிறதா என்பது. ஊசல் கடிகாரம் கட்டிய அன்றே ஓடுவது அபூர்வம். ஊசலோடு ஆடும் நங்கூர வடிவத் துண்டின் இரு நகங்களும், தொங்கும் எடை சுழற்றும் எஸ்கேப் சக்கரத்தின் பல்லை எவ்வளவு ஆழமாகப் பிடிக்கின்றன என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஆழம் கூடினால் ஊசலின் வீச்சு போதாமல் நின்றுவிடும். குறைந்தால் பற்கள் நழுவி, சக்கரம் கிறுகிறுவென்று சுற்றி எடை தரைக்கு வந்துவிடும். பிளைவுட்டில் அந்த இடைவெளி வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது. பசை காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்க்கலாம். தேய்ந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஐப்பசி மழையில் பற்கள் கொஞ்சம் உப்பினாலும் மறுபடி தேய்ப்புதான்.

லெகோவில் துளைகள் 8 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. 8 பல் சக்கரமும் 24 பல் சக்கரமும் இரண்டு துளை தள்ளி, 8ம் 40ம் மூன்று துளை தள்ளி வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். இரண்டு ஜோடியையும் அடுத்தடுத்து மாட்டினால் வேகம் 15 மடங்கு. நங்கூரத்தை நகர்த்த 8 மி.மீ. ரொம்பப் பெரிய தாண்டல் என்று தோன்றும். ஆனால் பிளேட் எனப்படும் மெல்லிய லெகோ கட்டை ஒன்றின் கனம் 3.2 மி.மீ.; மூன்று அடுக்கினால் 9.6. அதைத் துளை வரிசையோடு கலந்து வைத்தால் 1.6 மி.மீ. அளவுக்கு நகர்த்தலாம். "மாமா, கழட்டி ஒரு பிளேட் ஏத்திப் பாக்கலாமா?" என்று பையன் எத்தனை தடவை கேட்டாலும் சரி என்று சொல்ல முடிந்தது. பசை போட்ட மரத்தில் அந்தப் பதில் சொல்ல வழியில்லை.

நேரத்தைத் திருத்துவதிலும் இதே வசதிதான். நொடிக்கு ஒரு டிக் வேண்டுமானால் ஊசலின் நீளம் சுமார் 99.4 செ.மீ. அதில் 1 மி.மீ. மாறினாலே நாளுக்கு ஏறத்தாழ 43 நொடி மாறும். ஊசலின் அடியில் தொங்கும் குண்டை ஒரு துளை நகர்த்தினால் கிட்டத்தட்ட 6 நிமிடம்! ஆகவே தோராயமாக நிறுத்திவிட்டு, மிச்சத்தை ஊசல் தண்டின் நடுவில் குட்டிக் கட்டைகளைச் செருகிச் சரிசெய்தோம். கட்டை ஏற ஏற வேகம் கூடும். லண்டன் பிக் பென் கடிகாரத்தில் ஊசலின் மேல் பழைய பென்னி நாணயம் ஒன்றை வைத்தால் நாளுக்கு 0.4 நொடி முந்தும் என்பார்களே, அதே வேலை.

ஒரே ஒரு இடத்தில் மரத்தைத்தான் எடுத்தோம், ஊசல் தண்டுக்கு. லெகோவின் ஏபிஎஸ் பிளாஸ்டிக் மரத்தைவிடப் பல மடங்கு விரியும். தண்டும் அதுவே என்றால், சித்திரை வெயிலில் 10 டிகிரி ஏறினால் நாளுக்கு ஏறத்தாழ அரை நிமிடம் பின்தங்கும். கடையில் வாங்கிய நேரான மரக்குச்சி அந்தத் தொல்லையை வெகுவாகக் குறைக்கிறது.

உராய்வு லெகோவில் அதிகம். இரும்புக் கம்பி அச்சில் ஓடும் பிளைவுட் கிட் கம்மி எடையிலேயே ஓடியது. லெகோவுக்கு மணல் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் தேவைப்பட்டது. எடை கூடினால் பிளாஸ்டிக் அச்சு முறுக்கிக்கொள்ளும். சக்கரத்தின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் தாங்கல் கொடுங்கள். வருடக்கணக்கில் துளைகள் எப்படித் தேயும் என்று சொல்லும் வயது எங்கள் கடிகாரத்துக்கு இன்னும் ஆகவில்லை.

ஒருமுறை கட்டி, கூடத்தில் மாட்டிவிட்டு இனி தொடப்போவதில்லை என்பவர்கள் பிளைவுட்டே வாங்கலாம். எதைக் கட்டினாலும் எடை தொங்கும் இடத்துக்கு நேர் கீழே பிள்ளைகள் உட்காராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.