மாநிறத் தோலும் ஐபிஎல் கருவியும்: இரண்டு வருட அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பார்லரில் மாதாமாதம் வாக்ஸிங் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் காலெல்லாம் பொரிப்பொரியாகக் கிளம்பும், முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும். அது பொறுக்காமல்தான் வீட்டில் பயன்படுத்தும் ஐபிஎல் கருவி, அதாவது ஒளியைப் பாய்ச்சி முடியைக் குறைக்கும் கருவி வாங்கினேன். இரண்டு வருடத்தில் காலில் முடி நன்றாகக் குறைந்திருக்கிறது, அக்குளில் அதைவிட நன்றாக. ஆனால் இடது கையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாங்கி நான்காவது மாதம். திருவொற்றியூர் மாசித் தேர் பார்க்க மதிய வெயிலில் மூன்று மணி நேரம் நின்றிருந்தேன். மறுநாள் இரவே கையில் கருவியை வைத்தேன். வழக்கமாக லெவல் 2. சீக்கிரம் பலன் தெரியட்டும் என்று அன்று 4. சுருக்கென்று சுட்டது, பொறுத்துக்கொண்டு முழங்கை வரை போனேன். நான் வாங்கியது விலை குறைந்தது, தோல் நிறம் பார்த்துத் தானாக நின்றுவிடும் சென்சார் அதில் இல்லை. காலையில் பார்த்தால், கருவியின் கண்ணாடி அளவுக்கே, ரப்பர் ஸ்டாம்பு குத்தியது போல வரிசையாகப் பழுப்புக் கட்டங்கள். அம்மா கையைத் திருப்பிப் பார்த்து, "இன்னாடி இது, அயர்ன் பாக்ஸ்ல சுட்டுக்கினியா?" என்று பதறிவிட்டார்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மாதான் விளக்கினார். இந்த ஒளி முடியிலிருக்கும் மெலனின் என்ற நிறமியில் பட்டுச் சூடாகி, வேரைப் பலவீனமாக்குகிறது. அதே மெலனின் நம் தோலிலும் இருக்கிறது, வெயில் பட்டால் இன்னும் கூடுகிறது. அப்போது முடிக்குப் போக வேண்டிய சூடு தோலில் இறங்கிவிடும். தோல் நிறத்தை ரொம்ப வெளுத்தது 1 முதல் ரொம்பக் கருத்தது 6 வரை பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவில் நம்மில் பெரும்பாலோர் 4, 5, 6. வீட்டுக் கருவிகள் பலவும் 6-க்கு ஆகாது. ரொம்பக் கருத்த தோல் என்றால் கிளினிக்கில் செய்யும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் நல்லது என்றார். தழும்பு மங்க ஏழு மாதம் ஆனது.

இப்போது என் வழக்கம் இப்படி. முதல் நாள் இரவு ரேசரால் சுத்தமாக ஷேவ். மேலே முடி நின்றால் அது கருகித் தோலைச் சுடும், நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். வாக்ஸிங், த்ரெட்டிங் பக்கமே போவதில்லை. வேரையே பிடுங்கிவிட்டால் ஒளி எதைப் பிடிக்கும்? புது இடம் என்றால் ஓரத்தில் ஒரே ஒரு ஃபிளாஷ், அப்புறம் ஒரு நாள் முழுக்கப் பொறுத்திருப்பேன். மச்சத்தை ஒதுக்கிவிடுவேன். கண்ணைச் சுற்றி வைக்கவே கூடாது. ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. விட்டுவிட்டால் முடி மெதுவாகத் திரும்பி வருகிறது, நிரந்தரம் என்று நம்பி வாங்காதீர்கள். நரைத்த முடிக்கு வேலை செய்யாது. பிசிஓடி என்ற ஹார்மோன் கோளாறால் தாடையில் முடி வருகிறவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள், முகத்தில் சிலருக்கு முடி கூடிவிடுவதும் உண்டு. கர்ப்பமாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

சித்தி மகள் போன வாரம் கருவியைக் கேட்டு வந்தாள். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறாளாம், அது வெளிச்சத்துக்குத் தோலைக் கூச வைக்கும் மாத்திரை. "மாத்திரை முடியட்டும்டி, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து வாங்கிக்கோ" என்று அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொண்டுதான் போனாள், சரி, பரவாயில்லை.