முத்தியால்பேட்டைத் தெரு வீடா, வில்லியனூர் மனையா?

புதுச்சேரியில் சைக்கிளையும் பஸ்ஸையும் நம்பியே குடித்தனம் நடத்த வேண்டும் என்று வீடு தேடியதில் கடைசியாக இரண்டு மிஞ்சின. ஒன்று, வில்லியனூர் தாண்டிப் புதிதாகப் பிரித்த ‘நகரில்’ ஒரு மனை. இன்னொன்று, முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்துத் தெருவில் பழைய வீடு. வாங்கியது பழைய வீட்டை. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இனிச் சொல்லத் தேவையில்லை.

இடம், காற்று, விலை மூன்றிலும் வில்லியனூர்தான் ஜெயிக்கும். தென்னை வைக்கலாம், கார் நிறுத்தலாம். சரி, அதோடு விடுவோம்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது தூரம்கூட இல்லை, வழிதான். அந்த மனையில் நின்றால் விழுப்புரம் சாலையில் போகும் பஸ்ஸின் ஹாரன் கேட்கும். ஆனால் மூன்று பக்கமும் காம்பவுண்டு. ஆர்ச் வைத்த ஒரே வாசல் எதிர்ப்பக்கம். ஸ்டாப்புக்குப் போக முழுச் சுற்று நடக்க வேண்டும். அடுத்த மனைப்பிரிவும் அதே மாதிரிதான், இரண்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நுழையக்கூடச் சந்து இல்லை. அதனால் பக்கத்து நகருக்கு டியூஷன் போகும் பிள்ளையும் லாரி ஓடும் மெயின் ரோட்டில்தான் சைக்கிள் மிதிக்க வேண்டும். எந்த அப்பா விடுவார்? வீட்டுக்கு இரண்டு வண்டி வந்துவிடும். அப்புறம் எல்லா வண்டியும் காலையில் இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் பக்கத்திலுள்ள ஹவுட்டன் ஊரை இதற்கு நேர்மாறாகக் கட்டினார்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போகிறவர் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். சைக்கிளுக்கோ ஊர் நடுவிலுள்ள ரயில் நிலையம்வரை நேர்பாதை. ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரின் வோபான் பகுதியில் கார்களை ஓரத்து நிறுத்தக் கட்டடங்களுக்குத் தள்ளினார்கள், 2006இல் டிராம் உள்ளேயே வந்தது. நம்மூர் நகர்களில் காரும் சைக்கிளும் ஒரே வாசலில் சுற்றுகின்றன. சுற்றத்தான் வேண்டுமென்றால் பெட்ரோலில் சுற்றுவோமே என்றுதானே தோன்றும்?

முத்தியால்பேட்டையை யாரும் இப்படி யோசித்துக் கட்டவில்லை. ஆனால் தெருவுக்குத் தெரு குறுக்குத் தெரு இருக்கிறது. மகாத்மா காந்தி வீதிக்கு நடந்து போனால் டெம்போ கிடைக்கும். மார்க்கெட்டுக்கும் கடற்கரைக்கும் பெரிய ரோட்டை மிதிக்காமலே உள்தெருக்களில் போய்விடலாம். ஊர் தட்டை, மூச்சு வாங்காது. ஆனால் சைக்கிளுக்குத் தனிப் பாதை கிடையாது, வெயில் வெயில்தான். கார் வைத்திருக்கும் விருந்தாளி வந்தால் தெருவே சண்டைக்கு வரும்.

வில்லியனூரில் ரயில் நிலையம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் ரயில்கள் குறைவு. வேலை நேரம் அட்டவணைக்குப் பொருந்தினால் யோகம்தான். அங்கே மழைக்காலம் எப்படி என்று என்னால் சொல்ல முடியாது, நான் போய்ப் பார்த்தது கோடையில்.

பின்சுவரில் சைக்கிள் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு வைப்பீர்களா என்று புரோமோட்டரிடம் கேட்டோம். “திருட்டுப் பயம் சார், யாரும் வாங்க மாட்டாங்க” என்றார். வைத்திருந்தால் என் கணக்கு மாறியிருக்கலாம். விழுப்புரம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், ஏற்கெனவே கார் உள்ளவர்கள் தாராளமாக அந்தப் பக்கம் வாங்கலாம். மற்றவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மனையிலிருந்து பஸ் ஸ்டாப்வரை ஒருமுறை நடந்து பாருங்கள், மத்தியான வெயிலில்.